ஆரைக்கீரையும் மை அழிந்த இரண்டு குழாய்களும்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் ஆய்வகத்தைப் பற்றி எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இத்தனை வருடங்களில் நான் எழுதியதெல்லாம் குழாய்களின் மூடியிலும் பெட்டிகளின் பக்கவாட்டிலும்தான். அதுவும் ஒரு வரிக்கு மேல் போனதில்லை. ஓய்வு பெற்ற அன்று துறையில் மாலை போட்டு மைக்கைக் கையில் கொடுத்தார்கள். "எல்லாருக்கும் ரொம்ப நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பேச வராதவள் எழுதவாவது எழுதட்டும் என்று நினைத்தார்கள் போல. துறை மலருக்குக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள்.

நான் கிளம்புவதற்குச் சில வாரங்களுக்கு முன், கோடுகோடாக அச்சடித்த சீட்டு ஒட்டிய குழாய்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. எந்திரத்தின் முன்னால் காட்டினால் அதுவே பெயரைப் படித்துக் கணினியில் ஏற்றிக்கொள்கிறது. முதலாண்டு மாணவி ஒருத்தி பெட்டியைப் பிரித்துக்கொண்டே, "இது வர்றதுக்கு முன்னாடியெல்லாம் எப்படிக்கா சமாளிச்சீங்க?" என்று கேட்டாள். "மார்க்கர்ல எழுதுவோம்மா" என்றேன். அது முழுப் பதில் இல்லை. மீதியை இங்கே எழுதுகிறேன். அறிவியல் விஷயத்தில் தவறு இருந்தால் அது எனக்குப் புரிந்த விதத்தின் தவறு. சொல்லிக்கொடுத்தவர்களைக் குறை சொல்ல வேண்டாம்.

எனக்குச் சொந்த ஊர் கீழ்வேளூர் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவும் அறுப்பும் செய்தவர்கள். கல்யாணமாகித் தஞ்சாவூர் வந்தேன். வீட்டுக்காரர் ஓட்டுநர் வேலைக்குக் குவைத் போன வருடம், பங்குச் சாமியார் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு போய்ப் பல்கலைக்கழகத்தில் தினக்கூலியாகச் சேர்ந்தேன். முதல் நான்கு வருடம் வயலில்தான் வேலை. மகரந்தம் உண்டாகாத ஒரு நெல் உண்டு. அதற்கு ஆண் மலட்டு நெல் என்று பெயர். வீரிய ஒட்டு ரகம் உண்டாக்க அதுதான் தாய். காலையில் பூ வாய் திறக்கும் முன்பே ஒவ்வொரு பூவின் நுனியையும் கத்தரித்து, வேறு நெல்லின் கதிரைக் கொண்டுவந்து மேலே தட்டி மகரந்தத்தை விழச் செய்து, காகித உறை மாட்டிச் சீட்டுக் கட்டுவோம். ஒரு நெல் ஏன் மலடாகிறது என்று கேட்டுக்கொண்டே போனவர்கள், செடியின் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற இடத்தில் போய் நின்றார்கள். அவர்களோடு நானும் வயலிலிருந்து ஆய்வகத்துக்குப் போனேன்.

என்னை ஆய்வகத்துக்கு எடுத்தவர் வைத்தியநாதன் சார். எடுத்த காரணத்தை எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"ஆர்.என்.ஏ. வேலைக்குப் பேசாத ஆள் வேணும். மேரி ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசறாங்க. அதுல மூணு 'சரிங்க சார்'."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஆர்.என்.ஏ.வைத் தின்று தீர்க்கிற ஒன்று நம் வியர்வையில் இருக்கிறது, எச்சிலில் இருக்கிறது. திறந்த குழாய்க்கு மேல் நின்று பேசினால் போதும், இரண்டு நாள் உழைப்பு போய்விடும். பீங்கான் உரலையும் உலக்கையையும் அலுமினியத் தாளில் சுற்றி இரவு முழுக்கச் சூட்டடுப்பில் வைக்க வேண்டும். உறை போட்ட கையால் தலைமுடியைத் தொட்டுவிட்டால் உறையை மாற்ற வேண்டும். இலையைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, அது இளகுவதற்குள் மாவாக அரைக்க வேண்டும். அரைக்கிறபோது சத்தம் மாறும். முதலில் கண்ணாடித் தூள் மாதிரி கரகரக்கும். பிறகு முகப்பவுடர் மாதிரி சத்தமே இல்லாமல் போகும். அப்போது நிறுத்த வேண்டும். இதை எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. காது பழகிக்கொண்டது.

சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். துறையில் கூட்டுகிற ஆளிலிருந்து துணைவேந்தர் வரை அவர் எல்லோரையும் 'வாங்க, சொல்லுங்க' என்றுதான் கூப்பிடுவார். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார். கடிகாரம் கழன்றால் மாணவர்களுக்கு நாக்கு உலர்ந்துவிடும். யார் எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "பாத்தீங்களா, நெனச்சீங்களா?" கரைசல் கொதித்துவிட்டது என்றாலும் கேட்பார். மழை வரும் போலிருக்கிறது என்றாலும் கேட்பார்.

ஆர்.என்.ஏ. என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூச்சம். அவரே ஒருநாள், ஆராய்ச்சி மாணவி நஸீமாவுக்கு விளக்குகிற சாக்கில் எனக்கும் காதில் விழுகிற மாதிரி சொன்னார்.

"டி.என்.ஏ.ங்கறது தாலுகா ஆபீஸ்ல இருக்கற மூலப் பதிவு. அது அலமாரியை விட்டு வெளியே வராது. வேலை நடக்கணும்னா நகல் எடுத்துத்தான் ஆகணும். அந்த நகல்தான் ஆர்.என்.ஏ. நகல்ல மூலத்துல உள்ளது அப்படியே இருக்கணும், இல்லையா? செடியோட மைட்டோகாண்ட்ரியால அப்படி இல்லை. நகல் எடுத்த பிறகு யாரோ உட்கார்ந்து அங்கங்க ஒரு எழுத்தைத் திருத்தறாங்க. திருத்தின நகல்தான் சரியா வேலை செய்யுது. மூலம் தப்பாவே கிடக்குது."

"அப்ப மூலத்தையே திருத்திட்டா என்ன சார்?" என்றாள் நஸீமா.

"நல்ல கேள்வி. தண்ணிக்குள்ள இருக்கற பச்சைப் பாசிக்கு இந்தப் பழக்கம் கிடையாது. செடி கரையேறி நிலத்துக்கு வந்த பிறகுதான் இது ஆரம்பிச்சிருக்குன்னு தோணுது. ஏன்னு யாருக்கும் தெரியாது."

"ஊரு விட்டு ஊரு போனா நாமளும் பேச்சைத் திருத்திக்கறோம்ல, அது மாதிரியா?"

"தெரிஞ்சதும் எனக்கும் சொல்லுங்க" என்றார் சார்.

நஸீமா அதிராம்பட்டினத்துப் பெண். அப்பாவுக்குத் துணி வியாபாரம், அண்ணன்கள் இரண்டு பேரும் துபாயில். அந்தக் குடும்பத்தில் ஆராய்ச்சிக்கு வந்த முதல் பெண் அவள்தான். நான் பேசாததற்கும் சேர்த்து அவள் பேசுவாள். குழாய் திறந்திருக்கும் நேரத்தில் மட்டும் துப்பட்டாவை வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டு என்னை மாதிரி ஆகிவிடுவாள்.

அவளுடைய ஆராய்ச்சி இதுதான். நெல்லில் எந்தெந்த எழுத்துத் திருத்தப்படுகிறது என்று பார்ப்பது. பிறகு, நெல்லைவிட மிகப் பழைய வம்சத்துச் செடி ஒன்றில் அதே இடங்களைப் பார்ப்பது. இரண்டையும் ஒப்பிட்டால், திருத்துகிற பழக்கம் காலப்போக்கில் எப்படி மாறிவந்திருக்கிறது என்று கொஞ்சமாவது தெரியும். பழைய செடிக்கு மலைக்குப் போக வேண்டும் என்றார்கள் சிலர். அவள் ஆரைக்கீரையைப் பிடித்துக்கொண்டாள். நெல் வயலிலேயே நாலு இலை விரித்து நிற்கிற கீரை. களையெடுக்கும்போது பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு போய்க் குழம்பு வைப்போம். அது பூக்காது. பெரணி வகை. நெல்லுக்குக் கோடி கோடி வருடம் முன்னால் பிறந்த கூட்டத்தைச் சேர்ந்தது என்று அவள் சொன்னபோது, இதையா இத்தனை நாள் புளி ஊற்றிக் கொதிக்கவைத்தோம் என்று எனக்குப் பாவமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வேலையின் வேகமே மாறியது. முன்பெல்லாம் வெளிநாட்டிலிருந்து ஒரு நொதி வர ஆறு மாதம் ஆகும். சென்னையில் சுங்கத்தில் கிடந்து பனிக்கட்டி உருகி, செத்த மருந்தாக வந்து சேரும். நாடு இறக்குமதிக்குக் கதவைத் திறந்த பிறகு இரண்டு வாரத்தில் உலர்பனியோடு வர ஆரம்பித்தது. டி.என்.ஏ.வின் எழுத்து வரிசையைப் படித்துத் தரவே பெங்களூரில் ஒரு தனியார் நிறுவனம் வந்துவிட்டது. குழாயைக் கூரியரில் அனுப்பினால், வண்ணக் கோடுகள் போட்ட நீளத் தாளாகத் திரும்பி வரும். மலை மலையாக வளைந்து போகும் கோடுகள். அதில் சி என்ற எழுத்து நீல மலை, டி என்ற எழுத்து சிவப்பு மலை. நகலில் டிக்கு யூ என்று பெயர், ஆனால் தாளில் சிவப்பாகத்தான் வரும். நெல்லில் நாங்கள் பார்த்தது எல்லாம் ஒரே மாதிரி: மூலத்தில் நீலம் இருக்கும், நகலில் அது சிவப்பாகியிருக்கும். அதைத் தாண்டி வேறு மாதிரி வந்ததே இல்லை. அந்தத் தாளைப் படிக்க எனக்கு இங்கிலீஷ் வேண்டியிருக்கவில்லை.

அந்த வருடக் கோடையில் நஸீமாவுக்கு ஜெர்மனியில் ஓர் ஆய்வகத்தில் இடம் கிடைத்தது. ஜூலை மாதத்துக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அவள் அப்பா அரை மனதாகச் சம்மதித்திருந்தார். "இந்தத் தடவை விட்டா அப்புறம் என்னை யாரும் அனுப்ப மாட்டாங்கக்கா. மாப்பிள்ளை ஜாதகம் இல்லாத வீடுன்னு பேரு, ஆனா மாப்பிள்ளை லிஸ்ட் இருக்கு" என்பாள். நெல் அத்தியாயம் முடிந்திருந்தது. ஆரைக்கீரை மட்டும் பாக்கி. அது இல்லாமல் ஒப்பிட ஒன்றும் இல்லை.

மே மாதம் குழாய்களைப் பெங்களூருக்கு அனுப்பினோம். ஒன்று மூலத்திலிருந்து பெருக்கியது, இன்னொன்று நகலிலிருந்து பெருக்கியது. இரண்டும் ஒரே நீளம். கண்ணால் பார்த்தாலும் மின்சாரத்தில் ஓட்டிப் பார்த்தாலும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. மூடியில் எழுதியிருக்கும் பெயர்தான் எல்லாம். கட்டி அனுப்பியது நான்.

அன்று மதியம் மின்சாரம் போய்விட்டது. குளிர்பெட்டியிலிருந்து குழாய்த் தாங்கியை எடுத்து ஐஸ் வாளியில் வைத்தேன். அதே தாங்கியில் இருந்த வேறொரு குழாயின் மூடி சரியாக அழுந்தவில்லை போலும். உள்ளே இருந்த ஆல்கஹால் கசிந்திருக்கிறது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோது அனுப்ப வேண்டிய இரண்டு குழாய்களிலும் மார்க்கர் மை நீலக் கறையாக ஓடியிருந்தது. எழுத்து இல்லை. கூரியர்காரர் வாசலில் நின்றார். நஸீமா நூலகத்தில் இருந்தாள். தாங்கியில் எப்போதும் மூலம் இடதுபக்கம், நகல் வலதுபக்கம். அது என் பழக்கம். அந்தப் பழக்கத்தை நம்பி, துடைத்துவிட்டுப் புதிதாக எழுதி, கட்டிக் கொடுத்துவிட்டேன். தாங்கியை வாளிக்குள் வைக்கும்போது திருப்பி வைத்தேனா, நேராக வைத்தேனா? அன்று ராத்திரி படுத்த பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

தாள்கள் வந்தன. நஸீமா அவற்றைத் தரையில் விரித்து மண்டியிட்டு உட்கார்ந்தாள். தாளின் முன்பாதிதான் தெளிவாக இருந்தது, பின்பாதியில் மலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பிக் கிடந்தன. தெளிவான பகுதியில் வித்தியாசம் ஏழு இடங்களில் இருந்தது. ஏழும் தலைகீழ். மூலத்தில் சிவப்பு, நகலில் நீலம்.

சார் வந்து பார்த்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"குழாய் மாறியிருக்கு" என்றார். "பேரை மாத்திப் படிங்க. அப்படியே நெல்லு மாதிரி வருது பாருங்க."

நஸீமா பெயரை மாற்றிப் பிடித்தாள். வந்தது. ஏழும் நேராகிவிட்டன. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். அத்தியாயம் முடிந்துவிட்டது.

சார் என் பக்கம் திரும்பினார். "மேரி, அன்னைக்குப் பேக் பண்ணினது நீங்கதானே? மாறியிருக்கும்ல?"

"ஆமாங்க சார்" என்று சொன்னால் போதும். கொஞ்சம் திட்டு விழும், அவ்வளவுதான். நஸீமா ஜெர்மனிக்குப் போவாள். அவளும் கண்ணாலேயே அதைத்தான் கேட்டாள்.

"சார், மை அழிஞ்சுபோச்சு" என்றேன்.

"எந்த மை?"

எல்லாவற்றையும் சொன்னேன். மின்சாரம் போனது, ஆல்கஹால் கசிந்தது, இடம் பார்த்துத் திரும்ப எழுதியது. அந்த ஆய்வகத்தில் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுவே முதல் தடவை.

"எடது பக்கம் இருந்தது மூலம்னு பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

"நெனச்சேன் சார். பாக்கலை."

"சரி. அப்ப மாறிடுச்சுன்னு எடுத்துக்கலாமா?"

"மாறிச்சுன்னும் தெரியாது சார். மாறலைன்னும் தெரியாது."

சார் கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவருக்கும் அந்தப் பெண் போக வேண்டும் என்ற ஆசை இருந்தது. பரிந்துரைக் கடிதம் எழுதியவரே அவர்தான். பிறகு இரண்டு தாள்களையும் சுருட்டி ரப்பர் வளையம் போட்டார்.

"அப்ப இது நமக்கு இல்லை" என்றார். "இலையிலேருந்து திரும்ப ஆரம்பிங்க."

வராந்தாவில் நஸீமா என்னைப் பிடித்துக்கொண்டாள். கண் சிவந்திருந்தது.

"ஏன்க்கா, ஒரே ஒரு ஆமா. அது சொல்ல வாய் வரலையா உங்களுக்கு?"

"பொய்யா சொல்லச் சொல்ற பாப்பா?"

"பொய்யா இல்லையான்னுதான் உங்களுக்கே தெரியாதே!"

"அதான் பாப்பா" என்றேன்.

மூன்று நாள் அவள் என்னிடம் பேசவில்லை. தினக்கூலிக்காரியான என்னை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்வார்களோ என்ற பயத்தைவிட அதுதான் பெரிதாக இருந்தது.

நான்காம் நாள் வேறொரு இடி. ஆரைக்கீரை இல்லை. மேட்டூரில் தண்ணீர் திறக்கவில்லை. எங்கள் தோட்டத்துத் தொட்டியில் இருந்ததைப் போன தடவையே முழுதாகப் பறித்திருந்தோம், மிச்சமும் கருகிவிட்டது. வாய்க்கால்கள் வெடித்துக் கிடந்தன. தஞ்சாவூரைச் சுற்றி நஸீமா சைக்கிளில் அலைந்தாள். கிடைத்ததெல்லாம் காய்ந்த கொடியும், மிளகு மாதிரி கறுப்புக் காய்களும்தான். கடைசியில் அவளே வந்தாள்.

"அக்கா, உங்க ஊர்ப் பக்கம் கிடைக்குமா?"

"மோட்டார் கொட்டகைத் தண்ணி ஓடற எடத்துல இருக்கும்" என்றேன். அப்போதே நாக்கைக் கடித்துக்கொண்டு, "இருக்கும்னு நெனக்கறேன். பாக்கலை" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு எங்கள் சண்டை தீர்ந்தது.

இலையைப் பறித்த இடத்திலேயே உறைய வைக்க வேண்டும். அதற்குத் திரவ நைட்ரஜன் வேண்டும். எங்களுக்கு அதைத் தருவது மாட்டுக்குச் சினை ஊசி போடுகிற நிலையம்தான். காளை விந்தை அதில்தான் வைத்திருப்பார்கள். சாரின் கடிதத்தை அங்கிருந்த கம்பவுண்டரிடம் நீட்டினேன். அவர் வேண்டுமென்றே இரண்டு தடவை படித்தார்.

"மாட்டுக்கா?"

"கீரைக்குங்க."

"கீரைக்கு எப்பலேருந்து சினை ஊசி போடறாங்க?"

நஸீமா முந்திக்கொண்டாள். "போட்டுப் பாக்கறோம் சார். கன்னு போட்டா சீம்பால் கொண்டாந்து தர்றோம்."

அவர் சிரித்துக்கொண்டே அலுமினியக் குடுவையை நிரப்பிக் கொடுத்தார்.

நாகப்பட்டினம் பேருந்தில் குடுவையை என் காலிடுக்கில் வைத்துக்கொண்டேன். பேருந்து குலுங்கும்போதெல்லாம் மூடி ஓரத்தில் வெள்ளையாக ஆவி கசிந்தது. நடத்துநர் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, என்ன அது புகையுது? அடுப்பா? எறங்குங்க, எறங்குங்க!"

"புகை இல்லண்ணே, காத்து" என்றாள் நஸீமா. "நீங்க மூக்குல இழுக்கறீங்களே, அதே காத்துதான். குளுர வச்சுத் தண்ணியாக்கியிருக்கோம்."

பின் இருக்கையிலிருந்து ஒரு பெரியவர், "அப்படியே கொஞ்சம் எம் பக்கமும் தொறந்து விடும்மா, வேக்காடு தாங்கலை" என்றார். பேருந்தே சிரித்தது. நடத்துநர் சுமைச் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லிப் போனார்.

கீழ்வேளூரில் இறங்கி மூன்று மைல் நடந்தோம். என் சித்தி வீட்டுக்குப் பின்னால் ஒரு மோட்டார் கொட்டகை. அதன் குழாய் ஒழுகும் பள்ளத்தில் மட்டும் பச்சை தெரிந்தது. கிட்டே போனால், சித்தி அந்தப் பள்ளத்தில்தான் குந்தியிருக்கிறாள். பக்கத்தில் கூடை. கூடை நிறைய ஆரைக்கீரை.

"மேரியாடி? ரெண்டு வருசமா ஊர்ப் பக்கம் எட்டிப் பாக்காதவ, இன்னிக்கு எங்கேருந்து மழை?"

"சித்தி, பறிக்காதீங்க! நிறுத்துங்க!"

சித்தி கையை உதறிக்கொண்டு எழுந்தாள். பாம்பு என்று நினைத்திருக்கிறாள். விஷயத்தைச் சொன்னதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"அடிப் பாவி, ஒரு கீரைக்கா இந்தக் கத்து? இந்தப் பொண்ணு சீமைக்குப் போறதுக்கும் எங் கொழம்புக்கும் என்னடி சம்பந்தம்?"

"இருக்கு பெரியம்மா" என்று நஸீமா பள்ளத்தில் இறங்கினாள். செருப்போடு கணுக்கால் வரை சேறு.

பள்ளத்தில் மிஞ்சியிருந்தது இரண்டு கைப்பிடி. பறித்துப் பறித்துக் குடுவைக்குள் போட்டோம். ஒவ்வொரு தடவையும் சீறிக்கொண்டு ஆவி எழும்பியது. இடுக்கியால் ஓர் இலையை வெளியே எடுத்துச் சித்திக்குக் காட்டினேன். நாலு மடலும் விரிந்தபடியே கண்ணாடியாகியிருந்தது. குடுவை விளிம்பில் தட்டினால் கிணுங் என்றது.

"மாதாவே!" என்றாள் சித்தி. பிறகு தன் கூடையிலிருந்து ஒரு பிடியை எடுத்து நீட்டினாள். "இந்தா, இதையும் போட்டுக்க. நான் இன்னிக்கு ரசம் வச்சுக்கறேன்."

இந்தத் தடவை நானும் நஸீமாவும் ஒவ்வொரு படியிலும் சேர்ந்தே நின்றோம். மூலத்துக்குச் சின்னக் குழாய், நகலுக்குப் பெரிய குழாய். அளவே வேறாக இருந்தால் மை அழிந்தாலும் மாறாது. அது போதாதென்று நகல் குழாயின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டினேன். பெட்டியை மூடும் முன் இருவரும் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டோம். அனுப்பியபோது ஜூலை பிறந்துவிட்டது.

தாள்கள் வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை மாலையே கூரியர் அலுவலகத்துக்கு வந்துவிட்டது என்று தெரிந்து, சாரே போய் வாங்கி வந்திருந்தார். நஸீமா ஒரு முனையைப் பிடித்தாள், நான் மறு முனையை. இந்தத் தடவை கடைசி வரைக்கும் தெளிவாக இருந்தது. முதல் இடம்: மூலத்தில் சிவப்பு, நகலில் நீலம். இரண்டாவது இடம், அதே. ஏழும் அதே தலைகீழ். அதே ஏழு இடங்கள்.

"மாறவே இல்லை" என்றாள் நஸீமா. "போன தடவையும் மாறவே இல்லை."

"இருங்க. இன்னும் இருக்கு" என்றார் சார்.

போன தடவை குழம்பிக் கிடந்த பின்பாதியில் இன்னும் நான்கு வித்தியாசங்கள். அந்த நான்கும் நெல்லைப் போலவே: மூலத்தில் நீலம், நகலில் சிவப்பு.

சார் தரையில் உட்கார்ந்தார். அவர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கண்ணாடியைத் துடைத்தார். "ஒரே செடியில ரெண்டு மாதிரியா? நம்பறதுக்குக் கஷ்டமா இருக்கே. இந்தத் தடவையும் எங்கேயாவது மாறியிருந்தா..."

நான் தாளின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சார்" என்றேன். "மாறியிருந்தாலும் ரெண்டு மாதிரிதானே சார் வரும்?"

"எப்படி?"

"மாத்தி வச்சுப் பாருங்க. இந்த ஏழும் நேராயிடும். ஆனா அந்த நாலும் தலைகீழாயிடும். எப்படி வச்சாலும் கொஞ்சம் இந்தப் பக்கம் போகுது, கொஞ்சம் அந்தப் பக்கம் போகுது."

சார் இரண்டு தாள்களையும் கையால் இடம் மாற்றி வைத்தார். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பழையபடி வைத்தார். மறுபடி மாற்றினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார்.

"பாத்துட்டேன் மேரி" என்றார். "பாத்துட்டேன்."

ஆரைக்கீரை நகலில் நீலத்தைச் சிவப்பாக்குவதோடு நிற்கவில்லை. சிவப்பை நீலமாகவும் ஆக்கியது. இப்படி எதிர்த்திசையில் திருத்துவதை வெளிநாட்டில் வேறொரு பழைய செடியில் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள் என்று பிறகு நூலகத்தில் தேடியபோது தெரிந்தது. ஆகவே உலகத்துக்கு முதலில் சொன்னது நாங்கள் இல்லை. இருந்தாலும், எங்கள் வயலில் களையாகக் கிடந்த கீரையில் அது இருப்பதை நாங்கள் பார்த்தோம். அன்று மே மாதத்தில் நான் ஓர் 'ஆமா' சொல்லியிருந்தால், நஸீமாவின் ஆய்வேட்டில் ஆரைக்கீரை நெல்லைப் போலவே நடந்துகொள்கிறது என்று அச்சாகியிருக்கும். பார்க்க அழகாகவும் இருந்திருக்கும்.

அவள் கெடுவுக்கு மூன்று நாள் இருக்கும்போது சமர்ப்பித்தாள். அந்த அத்தியாயம் அவள் முதலில் திட்டமிட்டதைவிட நீளமாக வந்தது. ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்ததும் முதலில் அதைப் பற்றித்தான் கேட்டார்களாம். இன்று அவளுக்குச் சொந்தமாக ஓர் ஆய்வகம் இருக்கிறது, அவளுக்குக் கீழே பல தேசத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள். நிலத்துக்கு வந்த செடி ஏன் மூலத்தைத் திருத்தாமல் நகலைத் திருத்திக்கொண்டே வாழ்கிறது என்ற கேள்விக்கு இன்னும் முழுப் பதில் கிடைக்கவில்லை என்று போன மாதம் தொலைபேசியில் சொன்னாள். குரலில் வருத்தமே இல்லை. எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

தாள் வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் திங்கட்கிழமை. காலையில் சார் ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தை வாங்கி வந்து, நூல் கட்டி, குளிர்பெட்டியின் கைப்பிடியில் தொங்கவிட்டார். குழாயில் மை அழிந்தாலோ, எது எதென்று சந்தேகம் வந்தாலோ அதில் எழுத வேண்டும், எழுதியவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது என்றார். முதல் பதிவை அவரே எழுதினார்: "ஆரைக்கீரை. குழாய் மாறியது என்று நான் முடிவு செய்தேன். மாறவில்லை." இரண்டாவதாக என்னுடையதை எழுதினேன். சாயங்காலத்துக்குள் இன்னும் மூன்று பேர் எழுதியிருந்தார்கள்.